சப்பிரகமுவ மலையோரம் – 12: மரப்பட்டையில் நடந்த போர்

இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிவனொளிபாதமலையின் காவல் தெய்வத்தைக் கும்பிட்ட கையோடு திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள ஒரு கற்பலகை முன் சற்று நின்று பார்க்க வேண்டும். போர்க்கோலத்தில் ஒரு போர்த்துக்கேயப் படைவீரன் ஆயுதத்தோடு நிற்கிறான். அவன் காலடியில் உள்ளூர் வீரன் ஒருவன் விழுந்து கிடக்கிறான். நிற்பவன் சிமாவோ பின்யாவோ என்ற தளபதி என்று சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இந்தத் தேவாலயத்தை இடித்து, அந்த இடத்தில் தங்கள் மாதா கோவிலைக் கட்டினார்கள். பிறகு கண்டிப் படை ஊரை மீட்டது. தேவாலயம் மறுபடி எழுந்தது. தங்களை மிதித்தவன் பெருமைக்கு வெட்டிய கல்லை ஊரார் அடித்து நொறுக்கியிருக்கலாம். நொறுக்கவில்லை. தெய்வத்தின் வளாகத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு இந்தக் கல்லின் மேல் தனி மரியாதை உண்டு. விழுந்தவன் பேரன் எழுந்துவிட்டான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? ஆண்டுதோறும் பெரஹரா புறப்படும்போது யானையும் மேளமும் தீப்பந்தமுமாக ஊர் திரள்கிறது. கல்லில் கிடக்கிறவனும் அந்தத் திரளில் ஒருவன்தான் என்று எண்ணிக்கொள்வேன்.

சென்ற வாரம் சீதாவாக்கை இராசசிங்கனோடு நிறுத்தியிருந்தோம். போர் முடிந்த பிறகு ஊர்கள் அதை எப்படி நினைவில் வைத்துக்கொள்கின்றன, யாரை நினைக்கின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்பது இந்த வாரத்துக்கு உரியது.

இரத்தினபுரியில் போரின் நினைவு தங்கியிருக்கும் இன்னோர் இடம் எஹெலபொல வளவு. இன்று அது தேசிய அருங்காட்சியகம். எஹெலபொல சப்பிரகமுவையின் திசாவையாக, அதாவது மன்னனின் மாகாண ஆளுநராக, இருந்தவர். 1814இல் கண்டி மன்னன் சிறீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராகக் கிளர்ந்தார். கிளர்ச்சி தோற்றது. அவர் கொழும்புக்கு ஓடி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். மன்னனின் கோபம் கண்டியில் பிடிபட்டிருந்த அவருடைய குடும்பத்தின் மேல் விழுந்தது. மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அண்ணன் தயங்கியபோது தம்பி மத்தும பண்டார தானே முன்வந்து கழுத்தை நீட்டினான் என்ற கதையை இலங்கைச் சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் படித்திருப்பார்கள். கண்டியில் அந்தப் பையனுக்குச் சிலையும் உண்டு.

திசாவை எஹெலபொல ஆங்கிலேயருக்கு வழிகாட்டியவர். பின்னாளில் அவர்களே அவரைச் சந்தேகித்துப் பிடித்து வைத்தார்கள். 1825இல் மொரீசியசுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கேயே இறந்தார். ஒரே ஆள் கிளர்ச்சிக்காரராகவும் அந்நியனை அழைத்து வந்தவராகவும் நாடு கடத்தப்பட்டவராகவும் நிற்கிறார். ஊரின் நினைவு இந்தச் சிக்கலுக்குள் நுழையவில்லை. பையனைப் பிடித்துக்கொண்டது. குழந்தையின் மரணத்தில் குற்றம் காண யாராலும் முடியாது. ஆகவே பெருமைக்கும் துக்கத்துக்கும் அவன் போதுமானவனாகிவிட்டான்.

மன்னன் பக்கத்துக்கு வருவோம். கண்ணசாமி என்ற இயற்பெயர் கொண்ட அந்த நாயக்க வம்சத்தானை 1815 பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவரைப் பக்கம் ஒரு வீட்டில் வைத்துப் பிடித்தவர்கள், குருவிட்டைப் பகுதிப் பிரதானி எக்நெலிகொடவின் ஆட்கள். அதாவது நம் சப்பிரகமுவ மக்கள். காட்டுக் கொடியால் கட்டி இழுத்தார்கள் என்று கதை வழங்குகிறது. மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் ஆயிற்று. மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 சனவரி 30இல் அங்கே மறைந்தான். தமிழ்நாட்டு அரசு 1990இல் வேலூரில் பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் கட்டியது. பாலாற்றங்கரையில் அவன் இலங்கையை ஆண்ட கடைசித் தமிழ் மன்னன். இரத்தினபுரியில், களுகங்கைக் கரையில், அவன் பிள்ளைகளைக் கொன்ற கொடியவன். இரண்டு கரையிலும் மண்டபமும் கண்ணீரும் மெய்தான். வரலாறு படிக்கிறவன் இரண்டு கரைக்கும் போய்வர வேண்டும்.

சப்பிரகமுவையின் மற்றொரு மாவட்டமான கேகாலையில் கோட்டைகளுக்குக் குறைவில்லை. மெனிக்கடவரையில் போர்த்துக்கேயர் கோட்டை இருந்தது. றுவன்வெல்லையில் ஆங்கிலேயர் கட்டிய கோட்டையின் எச்சம் வாடிவீட்டோடு சேர்ந்து நிற்கிறது. இவற்றை விரித்துச் சொல்லப்போவதில்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய படைச்சின்னம் ஒன்று அந்த மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதன் மேல் பஸ்ஸில் போகிறார்கள். அது கொழும்பு – கண்டி வீதி.

1817–18இல் ஊவா – வெல்லஸ்ஸ கிளர்ச்சி ஆங்கிலேயரை உலுக்கியது. அதை அடக்க மதராஸிலிருந்து சிப்பாய்ப் படைகளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மலைக்குள் படையையும் பீரங்கியையும் விரைவாகக் கொண்டுபோக வழி இல்லையென்றால் கண்டியை வைத்திருக்க முடியாது என்பது தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸுக்குத் தெரிந்தது. 1820இல் வீதி வேலை தொடங்கிற்று. வறக்காபொல, அம்பேபுஸ்ஸ, கேகாலை, மாவனெல்லை என்று ஏறி, கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து கண்டிக்குள் நுழைந்தது அந்த வீதி. மாவனெல்லையில் மா ஓயாவின் மேல் 1830களில் கட்டிய செங்கல் வளைவுப் பாலம் இன்றும் பாரம் தாங்குகிறது. கேகாலை மாவட்ட எல்லையைத் தாண்டியதும் கடுகண்ணாவையில் டோசன் கோபுரம். வீதியைத் திட்டமிட்டு அமைத்த பொறியியல் படைக் கப்டன் டோசனுக்காக 1832இல் எழுப்பியது.

அந்தப் பாறையில் உளி பிடித்தவர்கள் யார்? இராஜகாரிய முறைப்படி கிராமங்களிலிருந்து கட்டாயமாக இழுத்து வரப்பட்ட சிங்களக் குடியானவர்கள் ஒருபுறம். பயனியர் படை என்ற பெயரில் சேர்க்கப்பட்டவர்கள் மறுபுறம். இந்தப் பயனியர்களில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த தமிழர் பலர். படைச் சீருடை உண்டு, படை ஒழுங்கு உண்டு. கையில் மட்டும் துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டியும் அலவாங்கும். காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் வீதியோரத்திலேயே மாண்டு புதைந்தவர்கள் அவர்களிலும் உண்டு, குடியானவர்களிலும் உண்டு. கோபுரத்துக் கல்லில் டோசன் இருக்கிறார். மற்றவர்கள் வீதிக்கு அடியில் இருக்கிறார்கள்.

படைக்காகப் போட்ட வீதியில்தான் கோப்பி இறங்கிற்று. கோப்பிக்குத்தான் கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். மலையகத் தமிழரின் வரவைத் துரைமாரின் தொழிலோடு மட்டும் சேர்த்துச் சொல்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அதற்கு முந்திய அத்தியாயம் படையோடு சேர்ந்தது. அதைச் சொல்லாமல் விடுவதால் நம் பிள்ளைகள், கேகாலை நகரின் வரலாற்றில் தங்களுக்குப் பங்கில்லை என்று எண்ணி வளர்கிறார்கள்.

துரைமாருக்கும் தனிப் படை இருந்தது. 1900இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். போயர் போருக்குப் போனார்கள். 1915இல் கலிப்பொலிக்கும் போனார்கள். அவர்களில் மடிந்தோரின் நினைவு மலைநாட்டு ஆங்கிலத் தேவாலயச் சுவர்களில் பித்தளைத் தகடாக இருக்கிறது. தகட்டில் உள்ளவரும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். அந்தப் பெயர்கள் அங்கே இருக்கட்டும். அவர்கள் போருக்குப் போனபோது தோட்டத்தை நடத்திக் காத்த கைகளின் பெயர் எங்கே என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைச் சப்பிரகமுவையில் அழுத்திக் கேட்க வேண்டிய ஆண்டு 1942.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ஜாவாவும் விழுந்தது. உலகத்து இறப்பரில் பெரும்பகுதி விளைந்த மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஒரு சில வாரங்களில் ஜப்பானியர் கைக்குப் போயின. விமானத்துக்கும் லொறிக்கும் டயர் இல்லாமல் இந்தக் காலத்துப் போர் நடக்காது. நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை இறப்பரில் முக்கியமான பங்கு இலங்கைக்கு வந்து சேர்ந்தது. இலங்கையில் இறப்பர் என்றால் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தபோது யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் எஹெலியகொடையிலும் உள்ள லயங்களில் சத்தம் கேட்டிருக்காது. ஆனால் போர் ஏற்கெனவே அங்கே வந்துவிட்டது.

இறப்பர் மலையில் வேலை செய்யாதவர்களுக்குப் பால் வெட்டை விளக்கிச் சொல்ல வேண்டும். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வடிவது குறையும். பெரட்டு என்ற காலை ஆள்கணக்கில் பேர் கொடுத்துவிட்டு, இருட்டு விலகும்போதே மரத்தடிக்குப் போய்விட வேண்டும். நேற்று வெட்டுவாயில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். பிறகு கத்தியைச் சரிவாக வைத்து, பட்டையில் நூல் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் மிஞ்சினால் கத்தி மரத்தின் உயிர்த்தோலைத் தொட்டுவிடும். அப்படித் தொட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முடிச்சு முடிச்சாகக் கட்டி எழும். அடுத்த சுற்றில் அந்த இடத்தில் கத்தி ஓடாது. சிரட்டையை நிமிர்த்தி வைத்து அடுத்த மரம். இப்படி நூற்றுக்கணக்கான மரம். வெட்டி முடித்து, வந்த வழியே திரும்பி வாளியில் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்க வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. சப்பிரகமுவையில் மழைக்கா பஞ்சம்? அந்த நாளின் கூலியும் போகும்.

மரத்தை ஆறவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது நல்ல தோட்டத்தின் முறை. 1942க்குப் பிறகு அந்த முறையை ஒதுக்கி வைத்தார்கள். வயதான மரங்களை ஒட்டச் சுரண்டி வெட்டும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டு. கைக்கு எட்டும் பட்டை தீர்ந்தால் அதற்கு மேலே. மரம் செத்தாலும் பரவாயில்லை, பால் வந்தால் போதும். மரத்தை இப்படிக் கசக்கினால் அதை வெட்டுகிற ஆளையும் கசக்காமல் முடியாது. 1939இலேயே இந்தியா புதிய தொழிலாளர் வருகையைத் தடுத்துவிட்டது. இலங்கை மேலும் ஆள் கேட்டும் கிடைக்கவில்லை. ஆகவே இருந்த கைகளே எல்லாவற்றையும் வெட்டின. பாதிக் கைகள் பெண்களுடையவை. பர்மா விழுந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் அரிசி அளவோடு வந்தது. மீதிப் பசிக்குக் கோதுமை மா. அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்கு வந்த சின்ன ரயில் பாதையும் போர்க்காலத்தோடு போயிற்று.

இதைப் போர்ப் பணி என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. கண்டியில் 1944 முதல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் இருந்தது. பர்மாவை மீட்கிற போர் அங்கிருந்து நடத்தப்பட்டது. அந்தப் படைக்கு உருண்டோடிய சக்கரங்களுக்கு றுவன்வெல்லைப் பக்கத்துப் பாலும் போயிருக்கிறது. போருக்கு முன்னின்றவர் பெயர் தலைமையகத்து வரலாற்றில் இருக்கிறது. வெட்டியவர் பெயர் பேர்ச்செக் என்ற தோட்டத்து வரவுப் பதிவில் மட்டும் இருந்தது.

போர் 1945இல் முடிந்தது. 1948இல் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். பட்டை தேயத் தேய நாட்டுக்கு இறப்பர் வெட்டிக் கொடுத்த அதே ஆட்கள், மூன்றே ஆண்டில், நீ இந்த நாட்டான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கப்பட்டார்கள். றுவன்வெல்லைத் தொகுதி உறுப்பினர் என். எம். பெரேராவும் அவருடைய கட்சியும் நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள் என்பதைக் கேகாலை மக்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். கோட்டை வாசலைவிடப் பெரிய பெருமை அது என்பேன்.

இன்னொரு போரும் இந்த மலையைத் தொட்டது. கொரியப் போரின்போது இறப்பர் விலை ஏறி இறங்கிற்று. அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறி 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு இறப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது ஏற்பாடு. நாடு முழுவதும் அந்த அரிசியைத் தின்றது. அந்த இறப்பரை வெட்டிய பலருக்கு அப்போது நாட்டில் வாக்கு இல்லை. 1953இல் மீள்நடுகைக்கு மானியம் தரும் சட்டம் வந்தது. போர்க்காலத்துக் கத்தி பட்ட கிழட்டு மரங்கள் வீழ்ந்தன. முடிச்சு விழுந்த அடிமரங்கள் விறகாகப் போயின. சிங்கப்பூர் விழுந்ததற்கு இந்த மலையில் கண்ணால் காணக்கூடியதாய் இருந்த அத்தாட்சி அதுவே. அதுவும் போயிற்று.

பிறகு ஆட்களும் போனார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி எழுதிற்று. கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினரை இந்திய அரசுகள் மறுபடி இறப்பர் மலைகளிலேயே குடியேற்றின. கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள். கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் வன வளர்ச்சிக் கழகத் தோட்டங்கள். கத்தியைச் சரிவாக வைக்கிற கைப்பக்குவத்தைச் சப்பிரகமுவையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாகர்கோவில் பக்கத்திலோ சுள்ளியாவிலோ இதைப் படிக்கிற வாசகர் இருந்தால், உங்கள் பாட்டி 1943இல் எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில் பால் வெட்டினாள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அது குடும்பக் கதையாக மட்டும் நின்றுவிடக் கூடாது.

இன்றைய நகரங்களுக்கு வருவோம். இலங்கைத் தரைப்படையின் இரண்டு காலாட்படைப் பிரிவுகளுக்குத் தலைமையகம் சப்பிரகமுவையில்தான். 1956இல் தொடங்கிய சிங்கப் படைப்பிரிவுக்கு அம்பேபுஸ்ஸ. 1962இல் தொடங்கிய கெமுனு காவல் படைக்குக் குருவிட்ட. எக்நெலிகொடவின் குருவிட்டதான். வேலைக்கு வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் பலர் இந்தப் படைகளில் சேர்ந்து வடக்கே போனார்கள். எல்லாரும் திரும்பவில்லை. சிங்களக் கிராமத்து ஒழுங்கைகளுக்கும் பஸ் தரிப்பிடங்களுக்கும் இறந்த சிப்பாயின் பெயர் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெயர்கள். மே மாதத்தில் போர்வீரர் நினைவான ரணவிரு தூபிக்கு மாலை வைக்கும்போது முன்வரிசையில் நிற்கிற வெள்ளைச் சேலைத் தாயின் துக்கத்தை எந்தத் தாயும் அறிவாள். அதே மே மாதத்தில் வடக்கில் தன் பிள்ளைக்காக விளக்கேற்றுகிற தாயின் துக்கமும் அதே அளவு. லயத்துக்காரனுக்கு அந்த மாதம் இன்னொரு விதத்தில் கனமானது. 1977இலும் 1981இலும் 1983இலும் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எரிந்தன. அவன் துப்பாக்கி எடுத்தவன் அல்லன். ஆனாலும் போரின் கணக்கை அவன் கூரையில் வைத்துத் தீர்த்தார்கள். தூபிக்கு முன்னால் ஊர் கூடும் நாளில் அவன் கடைத்தெருவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கிறான்.

நகரத்தின் போர் நினைவில் சிறுபான்மையினனுக்கு இடம் கிடையாது என்று முடிவு கட்டவும் வேண்டாம். மாவனெல்லையிலேயே மாறான சாட்சி இருக்கிறது. 1864 மார்ச் 21இல் கொள்ளைக்காரன் உதுவன்கந்த சரதியலைப் பிடிக்கப் போன பொலிஸாரில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சபான் என்ற மலாய் கான்ஸ்டபிள். கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று, நாடு முழுவதும் ஒவ்வொரு மார்ச் 21ஆம் திகதியும் அவரை நினைத்து அணிவகுக்கிறார்கள். தூக்கிலேறிய சரதியலுக்கும் மாவனெல்லையில் மாதிரிக் கிராமமே இருக்கிறது. ஒரு சிறுநகரம் கொள்ளைக்காரனையும் அவனைப் பிடிக்கப் போய் மாண்ட மலாய்க்காரனையும் சேர்த்து நினைவில் வைக்க முடியுமென்றால், பால் வெட்டியவளையும் வைக்க முடியும்.

வெளிநாட்டிலும் வழி காட்டியிருக்கிறார்கள். சயாம் மரண ரயிலில் மடிந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போய் அங்கே பல்லாயிரமாய் மடிந்த தமிழருக்குப் பல பத்தாண்டுகள் ஒரு கல்லும் இல்லை. அண்மையில் மலேசியத் தமிழர்கள் முயன்று அங்கே ஒரு நடுகல் எழுப்பினார்கள். விழுந்தவனுக்குக் கல் நடுவது நமக்குப் பழகிய காரியம். தொல்காப்பியம் அதற்குக் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை படிப்படியாக முறை வகுத்திருக்கிறது. லயத்து முச்சந்தியில் மரத்தடிக் கல்லாய் மதுரைவீரன் நிற்பதும் அந்த வழியில்தான். பொன்னர் சங்கர் கூத்தில் விடிய விடியப் போர் பார்த்த சனம், தன் பாட்டன் பாட்டி நடத்திய போருக்கு ஒரு கல் நடாமல் இருக்கிறது.

செலவு அதிகமில்லை. றுவன்வெல்லையிலோ யட்டியாந்தோட்டையிலோ எஹெலியகொடையிலோ, பஸ் நிலையத்துக்கு அருகில் ஓர் ஆள் உயரக் கல். சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து. 1942–1945 என்ற ஆண்டு, சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர், கிடைத்த மட்டும் ஆட்களின் பெயர். பிரதேச சபையில் தீர்மானம் கொண்டுவர ஒரு உறுப்பினர் போதும். அருகிலிருந்த சிங்களக் கிராமங்களிலிருந்தும் பால் வெட்டப் போனவர்கள் உண்டு. அவர்கள் பெயரும் அதே கல்லில் வர வேண்டும்.

பெயர்களைச் சேர்க்கும் வேலைதான் அவசரம். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுக்குப் போய், 1992இல் கம்பனிகளுக்குத் திரும்பியபோது பழைய பேர்ச்செக் புத்தகங்கள் பல கரையானுக்கும் அடுப்புக்கும் போயின. கந்தோர் மச்சில் எங்காவது கட்டாகக் கிடந்தால் கிளாக்கர் ஐயாமாரிடம் சொல்லி எடுத்து வையுங்கள். கணக்குப்பிள்ளை, கங்காணி வீடுகளில் கூப்பன் புத்தகம், பிறப்புப் பதிவு, பழைய படம் இருந்தால் நகல் எடுங்கள். போர்க்காலத்தில் பத்து வயதுப் பிள்ளையாகத் தாயோடு வாளி தூக்கியவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். இந்த மாதமே அவர்களிடம் போய் உட்கார வேண்டும்.

அடுத்த வாரம், 1971 ஏப்ரல்: கேகாலையில் கிளர்ச்சி வெடித்த இரவும் தோட்டங்களும்.

(தொடரும்)